சங்கு ஊதினால் யாருக்குத் தெரியும்?

இரண்டாம் ஆண்டு மாணவன், பி.எஸ்ஸி. (இயற்பியல்)

காது என்பது மனிதனுக்கு இயற்கை தந்த காவற்காரன். கண்ணை மூடிக்கொள்ள இமை உண்டு. காதை மூடிக்கொள்ள எதுவும் இல்லை. நாம் உறங்கும்போதும் அது விழித்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். குறளில் அது 42-ஆவது அதிகாரம். அதே வள்ளுவர் 59-ஆவது அதிகாரத்துக்கு 'ஒற்றாடல்' என்று பெயர் வைத்தார். முன்னது அறிவு பெறுவதற்காகக் கேட்பது. பின்னது அரசன் ஒற்றரை வைத்து மறைவாக அறிந்துகொள்வது. கேட்பது வேறு, ஒட்டுக் கேட்பது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்குமாறு பேராசிரியப் பெருமக்களையும் மாணவ நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

சில மாதங்களாக நம் வகுப்பறைகளில் 'ஸ்கேனர் ரேடியோ' என்ற பேச்சு அடிபடுகிறது. அமெரிக்காவில் தீயணைப்பு நிலையமும் காவல் நிலையமும் ஆம்புலன்சும் தங்களுக்குள் பேசிக்கொள்வதை வீட்டிலிருந்தே கேட்கும் பழக்கம் பல்லாண்டுகளாக உண்டு. அதற்கான கருவிதான் ஸ்கேனர். சாதாரண வானொலிப் பெட்டியில் நாம் ஒரு நிலையத்தைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்கிறோம். ஸ்கேனர் அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. ஓர் அலைவரிசையிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவிக்கொண்டே இருக்கும். எங்கே பேச்சுக் குரல் எழுகிறதோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி தாவும். தேன் இருக்கும் பூவில் மட்டும் உட்காரும் வண்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நண்பர்கள் சிலர் அப்படியொரு கருவி வாங்க ஆசைப்படுகிறார்கள். எதற்கு என்று ஒருவரைக் கேட்டேன். "நம்ம ஏரியாவுல என்னா நடக்குதுன்னு தெரிஞ்சிக்கலாம் இல்ல?" என்றார். அந்தப் பதில் எனக்கு விளையாட்டாகப் படவில்லை. நம் பகுதியில் என்ன நடக்கிறது என்பது நமக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. அந்தப் பசிக்கு ஸ்கேனர் சோறாகுமா என்பதே என் கட்டுரையின் கேள்வி.

எங்கள் ஊர் வடக்குப்பட்டு. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடத்துக்கு அருகில் உள்ளது. 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கே தோண்டியபோது கற்கால மனிதர்களின் கல்லாயுதங்கள் கிடைத்தன. செய்தித்தாள்களில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தது அப்போதுதான். கற்காலத்திலேயே மனிதர் நடமாடிய இந்த மண்ணைச் சுற்றி இன்று கார், லாரி, மோட்டார் சைக்கிள், மின்னணுக் கருவிகள் என்று என்னென்னவோ உற்பத்தியாகின்றன. சிப்காட் வந்தது, சாலை வந்தது, வேலை வந்தது. அதை நான் குறை கூற மாட்டேன். என் தாயார் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிச் சம்பாதித்த கூலியில்தான் நான் இந்தக் கல்லூரிப் படியேறினேன். எங்கள் குடும்பத்தில் இந்தப் படியை மிதித்த முதல் ஆள் நான்.

எங்கள் பக்கத்தில் ஆலையின் ஒலிப்பானை 'சங்கு' என்பார்கள். ஷிப்டுக்கு ஒரு சங்கு, சாப்பாட்டுக்கு ஒரு சங்கு. ஊர் மக்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. சங்கைக் கேட்டுத்தான் உலை வைக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, ஒரு கம்பெனியின் சங்கு வழக்கமில்லாத நேரத்தில் விட்டு விட்டு நெடுநேரம் ஊதியது. தெருவில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய் நின்றார்கள். என் தாயார் என்னைப் பார்த்து, "இன்னான்னு கேட்டுச் சொல்லுடா, நீதான் காலேஜி படிக்கிறியே!" என்றார். யாரைக் கேட்பது? கேட்டுக்குப் போனால் உள்ளே விட மாட்டார்கள். ஊராட்சி அலுவலகம் பூட்டியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, வேலை முடிந்து வந்த ஒரு செக்யூரிட்டிக்காரர், "அது சும்மா மாக் டிரில்" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே இருந்த தொழிலாளர்களுக்கு அது ஒத்திகை. வெளியே இருந்த எங்களுக்கு அது உண்மை.

உள்ளே வேலை செய்பவருக்கு எங்கே ஒன்றுகூட வேண்டும் என்று பச்சைப் பலகை இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டக் கம்பத்தில் துணிக் கூடு இருக்கிறது. எந்தச் சங்குக்கு என்ன பொருள் என்று பயிற்சி கொடுக்கிறார்கள். சுற்றுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்குச் சங்கின் ஒலி மட்டும்தான் வருகிறது. அதன் பொருள் சுவரைத் தாண்டி வருவதில்லை. தமிழில் 'சங்கு ஊதிவிட்டார்கள்' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அந்தப் பொருள் வேண்டாமென்றால் முதற்பொருள் தெரிய வேண்டும்.

இது வீண் அச்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. ஆலையின் அபாயச் சங்கு சிறிது நேரம் ஊதி நிறுத்தப்பட்டது. அது மறுபடி முழு அளவில் ஊதியபோது நச்சுக்காற்று குடிசைகளுக்குள் புகுந்துவிட்டிருந்தது. மக்கள் ஓடினார்கள், ஓடியதால் மூச்சு வாங்கி இன்னும் அதிக நஞ்சை உள்ளிழுத்தார்கள். ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்ற ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும்.

போபால் பழைய கதை என்பவர்கள் விசாகப்பட்டினத்தை எண்ணிப் பார்க்கட்டும். 2020-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் விடியற்காலையில் அங்கே எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் உயிரிழந்தனர். ஆலையில் அபாயச் சங்கு இருந்தும் அது ஒலிக்கப்படவில்லை என்று ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழு கூறியது. நம் மாநிலத்திலேயே, 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி எழுந்து, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஆபத்தை அவர்களுக்கு முதலில் சொன்னது அவர்களுடைய மூக்குதான். மூக்கு சொல்வதற்கு முன்பே காதுக்குச் செய்தி வந்திருக்க வேண்டும்.

வெள்ளத்திலும் இதே நிலைதான். நமக்கு அண்டையில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரையில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்ற குறை இன்றும் பேசப்படுகிறது. மின்சாரம் நின்றது, கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. கைப்பேசி கையில் இருந்தும் வெறும் கண்ணாடித் துண்டாகப் போயிற்று.

சரி, அப்படியானால் ஆளுக்கொரு ஸ்கேனர் வாங்கிவிடலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதற் காரணம் சட்டம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவிகளை வைத்திருப்பதை 1933-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியது. அந்தச் சட்டத்துக்கும் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்துக்கும் மாற்றாக 2023-இல் நாடாளுமன்றம் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை இயற்றியது. உரிய ஒப்புதல் இல்லாத வாக்கி-டாக்கிகளை இணையக் கடைகளில் விற்பதற்கு எதிராக 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இங்கிலாந்திலும் தனக்கென்று அனுப்பப்படாத செய்தியை அனுமதியின்றிக் கேட்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்குக் காவல் நிலையத்தில் ஒரு வழக்கு விழுந்தால் படிப்பும் போகும், அதன்பின் வேலையும் கிடைக்காது.

இரண்டாவது காரணம் நாகரிகம். விபத்தில் சிக்கியவர் பெயரும் வீடும் உடற்குறையும் அந்தப் பேச்சில் வரும். அவை உதவிக்கு வருபவர் காதுக்கென்று சொல்லப்பட்டவை. ஒரு வீட்டுத் துயரம் ஊர் வாய்க்கு அவலாகிவிடக் கூடாது. வேடிக்கை பார்க்கும் கூட்டம் ஆம்புலன்சுக்கு முன்பே போய் வழியை அடைத்துக்கொள்ளும் காட்சியை ஒரகடம் சாலையில் நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

மூன்றாவது காரணம் பாதுகாப்பு. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் மும்பையில் தாக்குதல் நடந்தபோது, கமாண்டோக்களின் நடமாட்டத்தைத் தொலைக்காட்சிகள் நேரடியாகக் காட்டின. எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே கொலைகாரர்களுக்குத் தொலைபேசியில் வழி சொன்னார்கள். உச்ச நீதிமன்றமே 2012-இல் அதைக் கண்டித்தது. காவலர்கள் தமக்குள் பேசுவதை உலகமே கேட்க வேண்டும் என்று வாதிடுவது பொறுப்பற்றது. திறந்த அலைவரிசைக்குப் பேர் போன நியூயார்க் நகரக் காவல்துறையே 2023-இல் தன் பேச்சை மறைகுறியாக மாற்றத் தொடங்கிவிட்டது.

ஆனால் நண்பர்களே, இந்த மூன்று காரணங்களும் காவலர் பேச்சுக்கும் நோயாளி விவரத்துக்கும் பொருந்துமே தவிர, அபாய எச்சரிக்கைக்குப் பொருந்தா. 'இந்த ஆலையில் இந்த வாயு கசிகிறது, காற்று கிழக்கே அடிக்கிறது, வடக்குப் பக்கமாக விலகிப் போங்கள்' என்பதில் என்ன இரகசியம் இருக்கிறது? அந்தச் செய்திக்கு முதல் உரிமையாளர் சுவருக்கு வெளியே குடியிருப்பவர்தான். அதை அவர் ஒட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி வைப்பது கேவலம். அவருக்கென்றே அதைச் சொல்ல வேண்டும். மக்களுக்குக் கேள்விச் செல்வத்தைக் கொடுக்காத இடத்தில்தான் ஒற்றாடும் ஆசை பிறக்கிறது.

அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சான்று இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில், புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு மீனவர் குப்பத்துக்குச் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அவ்வூர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. சுனாமியைத் தொலைக்காட்சியில் கண்டு அவர் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் அந்த ஊரில் ஓர் அறிவு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. மக்கள் அந்த மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கூவினார்கள். ஊரே எழுந்து ஓடிப் பிழைத்தது. எச்சரிக்கை ஒரே ஒரு காதுக்குத்தான் வந்தது. ஒலிபெருக்கி அதை ஊர்க் காதுக்குக் கொண்டுபோயிற்று. விலை உயர்ந்த கருவி எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

அதே நாளில் அந்தமானில் என்ன நடந்தது என்பதையும் இயற்பியல் மாணவர்கள் அறிய வேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார், உரிய அனுமதி பெற்று, போர்ட் பிளேரில் 'ஹாம்' நிலையம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். சுனாமி வந்து மற்றத் தொடர்புகள் அறுந்தபோது, உலகெங்கும் உள்ள வானொலி ஆர்வலர்களோடு பேச வைத்திருந்த அந்தக் கருவி, உயிரோடு இருப்பவர் யார், உதவி எங்கே வேண்டும் என்று சொல்லும் கருவியாக மாறியது. உரிமத்தோடு கேட்பவரும் பேசுபவரும் நாட்டுக்கு எவ்வளவு பயன்படுவார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஹாம் உரிமம் மேல்தட்டு மக்களுக்கு உரியது என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. மத்திய அரசு நடத்தும் ஒரு தேர்வுதான் அது. தொடக்கநிலை உரிமத்துக்கு மோர்ஸ் குறியீடுகூடத் தேவையில்லை. மின்சுற்று, அலையியற்றி, ஆண்டெனா, பண்பேற்றம் என்று அதன் பாடத்தில் பெரும்பகுதி நாம் வகுப்பில் படிப்பதுதான். ஹாம் அன்பர்கள் அதிகமாகப் பயன்படுத்தும் ஓர் அலைவரிசை நம் நாட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. 300-ஐ 145-ஆல் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரும். அதில் கால் பங்கு, அதாவது அரை மீட்டர்க் கம்பி ஒன்று ஆண்டெனாவாகப் போதும். இந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் உயரம் இருந்தால் தூரம் கிடைக்கும். நம் கல்லூரி மாடியைவிடச் சிறந்த இடம் எங்கே இருக்கிறது?

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். எச்சரிக்கையை மக்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது நான் புதிதாகக் கேட்கும் சலுகை அன்று; சட்டத்தில் எழுதியிருப்பதுதான். போபாலுக்குப் பிறகு, 1996-ஆம் ஆண்டில் மத்திய அரசு இரசாயன விபத்துகளுக்கான விதிகளை வகுத்தது. பேராபத்து விளைவிக்கக் கூடிய தொழிற்கூடங்கள் உள்ள வட்டாரங்களில் உள்ளூர் நெருக்கடிக் குழு இருக்க வேண்டும் என்கின்றன அவை. அதில் கோட்ட அதிகாரி, தொழிற்சாலை ஆய்வாளர், தீயணைப்பு அதிகாரி, காவல் நிலைய அதிகாரி, மருத்துவர் ஆகியோரோடு ஊராட்சித் தலைவர் போன்ற ஊர்ப் பெரியவருக்கும் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியருக்கும் இடம் உண்டு. சுற்றுப்புற மக்களுக்கு அறிவூட்டுவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு ஒத்திகை நடத்துவதும், பொதுமக்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதும் அக்குழுவின் கடமைகள். எங்கள் தெருவில் இதை அறிந்தவர் ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. சட்டம் நமக்காக ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. அது எங்கே போட்டிருக்கிறது என்று கேட்கவாவது நாம் பழக வேண்டும்.

ஆகவே நான் வேண்டுவன நான்கு.

ஒன்று: எந்தச் சங்குக்கு என்ன பொருள் என்பதைத் தமிழிலும், வெளிமாநிலத் தோழர்களுக்காக இந்தியிலும் பெரிய எழுத்தில் எழுதி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், டீக்கடை, பெண்கள் விடுதி ஆகிய இடங்களில் மாட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்காகப் படமும் வேண்டும். ஒத்திகை என்றால் முதல் நாளே தண்டோரா போட வேண்டும்.

இரண்டு: நம் பாட்டனார் காலத்தில் ஊராட்சிக் கட்டிடத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. மாலையானால் ஒலிபெருக்கி வழியே வேளாண் செய்தி ஊருக்கே கேட்கும். அந்த ஏற்பாட்டை மீண்டும் கொண்டுவரலாம். தீயணைப்பு நிலையமும் ஆலைகளும் எச்சரிக்கை சொல்வதற்கென்று ஒரே ஓர் அலைவரிசையை ஒதுக்கி, கேட்க மட்டும் முடிந்த ஒரு பெட்டியை மின்கலத்தோடு ஒவ்வொரு ஊராட்சியிலும் வைக்கலாம். 2023-இல் நம் கைப்பேசிகளையெல்லாம் ஒரே நேரத்தில் அலற வைத்துச் சோதனை செய்தார்களே, அது நல்ல முயற்சிதான். ஆனால் கோபுரம் சாய்ந்தாலும் பேசக்கூடிய இரண்டாவது வழி ஒன்றும் வேண்டும். கைப்பேசி இல்லாத பாட்டிக்கும் கேட்க வேண்டும்.

மூன்று: நம் கல்லூரியில் ஹாம் வானொலி மன்றம் தொடங்க வேண்டும். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியை 2004-இல் தொடங்கியது அண்ணா பல்கலைக்கழகம். அவ்வளவு பெரிதாக நம்மால் முடியாமற் போகலாம். ஆண்டுக்குப் பத்துப் பேரைத் தேர்வெழுத வைக்க முடியும். ஊருக்கு ஒருவர் உரிமத்தோடு இருந்தால், வெள்ளமோ தீயோ வரும் நாளில் அரசு அதிகாரிகளுக்கு அவர்களே கண்ணும் காதுமாக இருப்பார்கள்.

நான்கு: கேட்பவருக்கும் ஒழுக்கம் வேண்டும். உறுதி செய்யாத செய்தியைப் பரப்பாமை, துயரப்படுபவரின் பெயரை வெளியிடாமை, வேடிக்கை பார்க்கப் போகாமை என்ற மூன்றையும் மன்றத்தின் உறுதிமொழியாக வைக்க வேண்டும். வதந்தியும் ஒரு நச்சுக்காற்றே.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். ஒரு காரின் விலையில் பல ஊராட்சிகளுக்குப் பெட்டி வாங்கலாம். இங்கே நாள்தோறும் எத்தனை கார்கள் உற்பத்தியாகி லாரிகளில் ஏறிப் போகின்றன என்பதை நாம் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

நம் பெற்றோர் நம்மைக் கல்லூரிக்கு அனுப்பியதில் பட்டத்தைத் தவிர இன்னொரு எதிர்பார்ப்பும் இருக்கிறது. தங்களால் கேட்க முடியாத கேள்வியைக் கேட்டு, தங்களுக்குப் புரியாத பதிலைப் புரிய வைக்க ஓர் ஆள் வீட்டில் வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஸ்கேனரைக் காதில் வைத்துக்கொண்டு ஒருவன் மட்டும் அறிந்துகொள்வதால் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறாது. ஊரே கேட்கும்படி செய்தால்தான் நிறைவேறும்.

ஹாம் மன்றத்தில் சேர விரும்பும் நண்பர்கள் இயற்பியல் ஆய்வகத்தில் பெயர் கொடுக்கலாம். வழிகாட்ட நம் பேராசிரியர்கள் முன்வர வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறேன். அடுத்த ஆண்டு மலரில் இந்தப் பொருள் பற்றி எழுதுபவர், நம் மன்றத்தின் அழைப்புக் குறியோடு எழுதட்டும்.